கஸ்பர் போகாத கடற்கரை

தொண்ணூற்று நாலாம் ஆண்டு இலையுதிர்காலத்தில் கஸ்பரும் அருள்மலரும் புலம்பெயர்ந்து வந்த நகரத்தின் பார்க்டேல் பகுதியில் ஒரு பழைய செங்கல் வீட்டின் மேல்மாடிக்குக் குடிவந்தார்கள். அறைகளில் நனைந்த கம்பளியும் உப்பும் கலந்த ஒரு மணம். ஜன்னலைத் திறந்துவைத்தால் போய்விடும் என்று அருள்மலர் நினைத்தாள்.

கஸ்பர் மன்னார், பேசாலையில் பிறந்தவன். தகப்பனோடு கடலுக்குப் போய் வளர்ந்தவன். இங்கிலாந்தை அவன் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிறு, பூசைக்குப் போய் வந்து சாப்பிடும்போது சொன்னான்: "சின்னனிலை லீவுக்குப் போற கடற்கரையிலை கழுதைச் சவாரி இருக்கும், தெரியுமே?"

மன்னார்த் தெருக்களில் கழுதைகளுக்கா பஞ்சம்? அவள் சிரித்தாள்.

"அதில்லையப்பா. இங்கிலாந்திலை ஒரு சின்ன ஊர். மழை தூறும். அம்மா றெயின்கோட் போட்டுவிடுவா. கடல் வத்திக் கண்ணுக்கெட்டாத தூரம் போயிடும். நாங்கள் தகர வாளியோடை அதுக்குப் பின்னாலை ஓடுவம்."

"உங்கடை அம்மாவோ? றெயின்கோட்டோ?"

அவன் கையிலிருந்த சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதன்பிறகு அந்த ஊர் அவன் வாயில் வளர்ந்தது. ஒரு தேவாலயம், ஒரு இனிப்புக் கடை, காலையில் புகைபோட்ட மீன் வைக்கும் விடுதிக்காரி. அது வளர வளர மன்னார் தேய்ந்தது. முதலில் தங்கச்சியின் பெயர் போனது. பிறகு செபங்கள்.

பிறகு தமிழே போனது.

கொழும்பிலிருந்து அவன் தாய் ரெலிபோன் எடுத்தாள். "மோனை, சாப்பிட்டியோ?" என்று அழுகிற குரல் அருள்மலருக்கும் கேட்டது. கஸ்பர் றிசீவரை அவளிடம் நீட்டினான்.

"யார் இது?" என்று மெல்லிய ஆங்கிலத்தில் கேட்டான். "ஏன் அழுகிறாள்?"

சுவாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். டொக்டர் நித்திரைக் குளிசை கொடுத்தார். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் அருள்மலரின் தமையன் யோசப் இருவரையும் காரில் ஏற்றி, நகரின் மறுகோடியில், மில்லிக்கனில் தான் புதிதாக வாங்கிய வீட்டுக்குக் கொண்டுபோனான். அங்கே பெயின்ற் மணம் மட்டும்தான். அன்றைக்கு அருள்மலர் நிம்மதியாக நித்திரை கொண்டாள்.

மறுநாள் மத்தியானம், யோசப் வேலைக்குப் போயிருந்த நேரம், கஸ்பர் தலையைத் தண்ணீர் தொட்டு வாரி, முழங்கால்களைச் சேர்த்தபடி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது ஆம்பிளை.

"இஞ்சருங்கோ, என்ன செய்யிறியள்?"

"விடுமுறை முடிந்துவிட்டது," என்றான் ஆங்கிலத்தில். "அம்மா வருகிறா."

வாசல் கதவுக்கு வெளியே யாரோ காலில் ஒட்டிய மணலைத் தட்டினார்கள்.

அவள் பாய்ந்து அவன் கையைப் பிடித்தாள்.

கதவுக்கு அப்பால் ஒரு பெண்குரல், களைத்த ஆங்கிலத்தில், "ஆலன்" என்று கூப்பிட்டது.

"இந்த அன்ரி என் கையை விடமாட்டேன் என்கிறா," என்று கஸ்பர் கதவைப் பார்த்து விம்மினான்.

அருள்மலர் விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்தாள்.



பிறகு அந்தக் குரல் மறுபடி வந்தது. இந்த முறை தமிழில், கஸ்பர் மறந்துபோன அச்சொட்டான பேசாலைத் தமிழில்.

"விடு பிள்ளை. அவன் களைச்சுப்போனான்."