பெட்டிக்குள் ஊதா வெளிச்சம்

"சாயங்காலத்துக்குள்ள காரணம் தெரியலன்னா, இனிமே விண்கல வேலையத் தொடவே விடமாட்டாங்கக்கா," என்றாள் பற்றவைப்புக்காரி. கருகிய மின்பெட்டியைக் கைக்குழந்தைபோல ஏந்தி வந்திருந்தாள்.

பழுதுகளை விசாரிக்கும் அக்கா அதை வாங்கி மேசைமேல் வைத்தார். அவருடைய உதவியாளனுக்கு ஆய்வுக்கூடம் வைத்த பெயர் அவசரம். "பத்தவச்சது சரியில்ல. வேறென்ன?" என்று தீர்ப்பே சொல்லிவிட்டான்.

"வாய மூடிட்டுக் கண்ணத் திறடா," என்றார் அக்கா.

பெட்டி வெளியில் ஒழுங்காகத்தான் ஓடியது. காற்றை உறிஞ்சி எடுக்கும் சோதனை அறையில் வைத்து உயர் மின்னழுத்தம் கொடுத்ததும் எரிந்தது. அந்த அறையை இயக்கிய அவள் கணவர் பின்னாலேயே வந்து நின்றார். மூக்குக்கண்ணாடியின் ஒடிந்த காதுப்பிடியில் மஞ்சள் ஒட்டுநாடா சுற்றியிருந்தது.

"நீங்க என்ன பார்த்தீங்க?"

"மூடி இடுக்குல ஊதா வெளிச்சம். ஆனா அறையில காத்தே இல்லக்கா. காத்தழுத்த மானி முள்ளப் பார்த்துட்டுதான் சுவிட்சப் போட்டேன். இவ வேலையில குறையே இருக்காது."

"ஆமா, ஊர் முழுக்கச் சொல்லியாச்சு," என்று அவள் முறைத்தாள்.

அக்கா பூதக்கண்ணாடியில் பற்றவைத்த இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றிலும் விரிசல் இல்லை. பிறகு காற்றுத்துளையின் விளிம்பைத் தடவினார். விரல் லேசாக ஒட்டியது. அவசரமும் தடவிப் பார்த்தான், ஒட்டியது.

"ஊதாவா ஒளிர்றது காத்து. அப்போ உள்ள காத்து இருந்திருக்கு."

"இருந்தா என்னக்கா? வெளியில காத்துல ஓடுச்சே?" என்றான் அவசரம்.

"காத்து நெரிசலா இருந்தா மின்சாரத்தால அதுல பாய முடியாது, முட்டி நின்னுடும். காத்தே இல்லன்னா சேர்ந்து ஓட ஆளில்ல. அரைகுறைக் கூட்டம்தான் வினை: வேகம் பிடிக்க இடமும் இருக்கும், இடிச்சுக் கிளப்ப ஆளும் இருக்கும். மானி அறையைத்தான் அளக்கும். துளைய யாரோ ஒட்டி மூடினதால பெட்டிக்குள்ள காத்து அரைகுறையாத் தங்கிடுச்சு."

அவசரத்தின் பார்வை மஞ்சள் நாடாவில் போய் நின்றது. கணவரின் கை தானாகக் காதுப்பக்கம் போயிற்று.

"தூசி பட்டா இவளுக்குப் பிடிக்காதேன்னு... சோதனைக்குக் கொண்டுபோறப்போ ஒட்டினேன். எரிஞ்சதுக்கப்புறம் வெளிய எடுத்ததும் கைப்பழக்கத்துல உரிச்சுட்டேன். உள்ள வைக்கறதுக்கு முன்னாடி உரிக்கணும்னு தோணவே இல்ல. ஆய்வுக்கூடத் தலைவர்கிட்ட நானே சொல்லிடறேன்."

அவள் கையை நீட்டினாள்.

"கண்ணாடியக் கழட்டுங்க. அதையாவது ஒழுங்காப் பத்தவச்சுத் தர்றேன்."