வரிக்குப் பயந்த பிணம்

"அகிலேஷ் செத்துப்போனான்."

போனில் வந்த ஆண்குரல் அவ்வளவுதான் சொன்னது.

ஜிஜாவின் வாயில் பாதி வாழைக்காப்பம் அப்படியே நின்றது. பாறசாலை மார்க்கெட் பக்கம் மாடியில் அவளுடைய வருமான வரி ஆலோசனை ஆபீஸ். காலையில் யார் பேசினாலும் பான் கார்டு, பாஸ்வேர்டு என்றுதான் பேசுவார்கள். சாவுச் செய்தி வருவது இதுதான் முதல் தடவை.

"எந்த அகிலேஷ்? நீங்க ஆரு பேசுறது?"

"அம்பூரி அகிலேஷ். ஒங்க தம்பி ஜித்தின் இன்னைக்கு கையொப்பு போடப்போற வெளிநாட்டு காண்ட்ராக்ட் உண்டே... அதுல அவனுக்கு மின்ன ஒப்பிட்டவன் ஆக்கும்."

"எப்பிடிச் செத்தான்?"

"நெதர்லாந்துல வச்சு. டாக்ஸ் நோட்டீஸ் வந்து செத்தான்."

டொக்!

வரி நோட்டீஸ் வந்து அழுதவர்கள் உண்டு. ஆபீசிலேயே மயங்கி விழுந்து அவளிடம் சோடா வாங்கிக் குடித்தவர்களும் உண்டு. செத்தவனைப் பற்றி ஜிஜா இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறாள்.

தம்பியைக் கூப்பிட்டாள். ஜித்தின் பைப்பிங் டிசைனர். வேலையில் கெட்டிக்காரன். மற்ற விஷயங்களில் யார் சிரித்துப் பேசினாலும் பின்னாலேயே போய்விடுவான் என்பது அக்காவின் கணிப்பு.

"எலே, ஒப்பிட்டியா?"

"இல்ல அக்கா. வினீத்தேட்டன் காரும் கொண்டு வாறாரு."

வினீத்... நெய்யாற்றின்கரையில் கண்ணாடிக் கதவு போட்டு ஆபீஸ் வைத்திருக்கும் வெளிநாட்டு வேலை ஏஜெண்ட்.

"மணிக்கு எண்பது யூரோ அக்கா. நான் ஆருக்கும் வேலைக்காரன் இல்ல. ஃப்ரீலான்ஸ்."

"எண்பதுல ஒனக்கு என்ன மிஞ்சும், அத சொல்லு. வாடகை ஒன் தலையில. இன்சூரன்ஸ் ஒன் தலையில. காய்ச்சல்ல படுத்தா பத்து பைசா கெடையாது. இந்த காண்ட்ராக்ட் முடிஞ்சு அடுத்தது கிட்டுற வரைக்கும் கையில உள்ளத வச்சு திங்கணும். அரை வருஷம் தாண்டி நின்னா டாக்ஸும் அங்க கட்டணும்."

"டாக்ஸ வினீத்தேட்டன் பாத்துக்கிடுவாராம். அங்க அவருக்கு ஒரு கம்பெனி உண்டு. எங்க எல்லாருக்க சம்பளமும் அதுக்குத்தான் வரும். கம்பெனி டாக்ஸ் கட்டும். என்னய அதுல டைரக்டர் ஆக்குறாரு."

ஜிஜா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

பைப்பு வரையப் போகிறவனுக்கு எதற்கு டைரக்டர் பதவி? கம்பெனி வரி கட்டாமல் டிமிக்கி கொடுத்தால் அந்த நாட்டு வரி ஆபீஸ் யார் சட்டையைப் பிடிக்கும்? டைரக்டரின் சட்டையை!

"எலே, அங்க டாக்ஸ் கட்டின ரசீது இல்லேன்னா இங்க உள்ளவனும் நம்மள விடமாட்டான். ரெண்டு நாட்டுக்கும் நீ அழணும். இதுல ஊருல உள்ளவன் பாக்கி எல்லாத்துக்கும் சேத்து டைரக்டரா? பேனாவத் தொடாதே."

"செரி அக்கா... நான் வைக்கட்டா? வினீத்தேட்டன் அம்பூரியில ஒரு சாவுக்குப் போணுமாம். ஒப்பு அங்க வச்சு போடலாம்னு பறஞ்சாரு."

சாவு வீட்டில் கையெழுத்தா?

ஸ்கூட்டர் பறந்தது!

குன்னத்துகால்... வெள்ளறடை... வளைந்து வளைந்து ஏறும் ரப்பர் தோட்டங்கள்... வழியெல்லாம் ஜிஜா தம்பியைத் திட்டிக்கொண்டே போனாள். திட்டத் திட்ட அழுகை வந்தது. இருப்பது ஒரே தம்பி. அவன் போடும் ஒரு கையெழுத்து அவன் ஆயுசையே தின்றுவிடும்.

அம்பூரியில் வீட்டு முன்னால் ஃப்ளெக்ஸ் நின்றது. 'ஆதராஞ்சலிகள்.' கூலிங் கிளாசும் கோட்டும் போட்டு அகிலேஷ் சிரித்துக்கொண்டிருந்தான். முற்றத்தில் பந்தல். நாலைந்து பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்க, கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் மட்டும் துண்டை வாயில் வைத்துக்கொண்டு விம்மிக்கொண்டிருந்தார். பெற்ற அப்பன்கூட இப்படி அழமாட்டான்.

அகிலேஷின் மனைவி பிரசீதா வாசலில் நின்றாள்.

"உடல் எப்ப வரும் மக்கா?" என்றாள் ஜிஜா.

"வரும் அக்கா. அங்க பேப்பர் செரியாவணும்."

கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஜிஜாவின் மூக்கு விடைத்தது.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அக்கம்பக்கத்தார் கஞ்சியும் பயறும் கொண்டுவந்து தருவார்கள். புலை என்கிற சாவுத் தீட்டு கழியும்வரை மீன் அந்த வீட்டு வாசலை மிதிக்காது. இதெல்லாம் இந்தப் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

ஆனால்...

கொல்லைப்பக்கத்திலிருந்து சாளை மீன் பொரிக்கிற மணம்! மிளகும் கறிவேப்பிலையும் போட்டு!

"அக்கா, அங்கோட்டு போவாதீங்க" என்று பிரசீதா குறுக்கே வந்தாள்.

ஜிஜா போனாள். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் சிறிய கட்டிடம். கதவைத் தள்ளினாள்.

தொங்கும் ஷீட்டுகளுக்கு நடுவே, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பிணம் மீனைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தது!

ஜிஜா அலற வாயைத் திறந்தாள்.

"ஒச்ச வைக்காதீங்க அக்கா" என்றான் அகிலேஷ். "அங்க ரொட்டியத் தின்னு நாக்கு செத்துப்போச்சு. பொறுக்க முடியல்ல."

அந்தக் குரல்... காலையில் போனில் வந்த அதே குரல்! செத்த செய்தியைச் செத்தவனே சொல்லியிருக்கிறான்!

"எலே, டாக்ஸுக்குப் பயந்து செத்தியா?"

"நான் ஒப்பிட்டது வேல காண்ட்ராக்டுல மட்டும் அக்கா. டைரக்டர் ஆக்கின பேப்பர நான் கண்டதே இல்ல. நோட்டீஸ் வந்தப்பதான் நான் டைரக்டர்னே தெரிஞ்சுது."

"செத்தா தீந்துபோவுமா? டைரக்டர் இல்லேன்னா கம்பெனிய ஆரு நடத்தினான்னு தோண்டுவாவ. அடுத்து வினீத்துக்க..."

சொல்லும்போதே அவளுக்கு மின்னல் வெட்டியது. அதனால்தான் வினீத்துக்கு இந்த அவசரம்! பழைய டைரக்டர் காலி. நோட்டீஸ் தன் வாசலுக்கு வருவதற்குள் புது டைரக்டர் வேண்டும்!

வாசலில் கார் நின்றது.

ஜிஜா முன்பக்கம் ஓடினாள். வினீத் கையில் பெரிய மலர்வளையம். பின்னால் ஃபைலைத் தூக்கிக்கொண்டு, ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் ஜித்தின்.

வினீத் வளையத்தை வைத்தான். ஒரு நிமிஷம் கண்ணை மூடினான். கண்ணைத் திறந்ததும் ஃபைலைத் திறந்தான்.

"ஜித்தினே, இவிட ஒரு ஒப்பு."

"அக்கா சொன்னா போடுறேன்" என்றான் ஜித்தின்.

"அக்கா சொல்லமாட்டா" என்றாள் ஜிஜா. "வினீத்து, இவன் ஒப்பிடமாட்டான். நீ வேற ஆளப் பாரு."

வினீத் குரலைத் தணித்துக்கொண்டு, அழுதுகொண்டிருந்தவரின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே ஜிஜாவை ஒதுக்கிக் கூட்டிப்போனான்.

"சேச்சி, தம்பிக்குப் பயமும் பேடியும்னா அவன் ஒப்பிடண்டா. அவனுக்க ஒப்ப நானே போட்டோளாம். அகிலேஷுக்க ஒப்பும் நான்தான் போட்டது. அந்தப் பாவத்துக்குக் கடைசி வர தெரியாது. இப்ப ஆளே இல்ல, இனி ஆரு கேக்கப்போறா?"

விம்மல் நின்றது.

கட்டம் போட்ட சட்டைக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சட்டைப் பையில் போனின் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் கேக்கேன். எஸ்.ஐ. சிபி."

அதே நேரம் கொல்லைப்பக்கமிருந்து, கையில் மீன் தட்டோடு, அகிலேஷ் வந்து நின்றான்.

பந்தலில் இரண்டு பேர் நாற்காலியோடு சாய்ந்தார்கள். வினீத் மட்டும் பயப்படவில்லை. ஓடிப்போய் அகிலேஷைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்!

"மோனே, நீ ஜீவனோட உண்டா? ரட்சப்பட்டேன். டாக்ஸ் நீதான் கட்டணும்."

"ஒப்பு நீ போட்டதுன்னு இப்பதான பறஞ்ச" என்று சிபி அவன் சட்டைக் காலரைப் பிடித்தார்.

ஜிஜா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "இவன சாவடிக்கச் சொன்னது ஆரு? பிரசீதாவா?"

"அகிலேஷக் கொன்னது நான்தான் அக்கா" என்றான் ஜித்தின்.

"நீயா?"

"அவனும் நானும் ஒண்ணா படிச்சோம். நோட்டீசும் கொண்டு வந்து அழுதான், ரெண்டு பேருமா சிபி சாருகிட்ட போனோம். உயிரோட இருக்குற ஆளப்பத்தி வினீத்து வாய் தொறக்கமாட்டான். செத்தவனப்பத்தின்னா தாராளமா பேசுவான். ஒங்கிட்ட முன்னமே சொல்லியிருந்தா அவனக் கண்டதுமே நீ சட்டம் பேசி வெரட்டியிருப்ப. ஆனா நீ வந்து தடுத்தாத்தான் அவன் வாய விடுவான், அதான் அகிலேஷ விட்டு போன் போட வச்சேன்."

ஜிஜாவுக்கு அவனை அறையவும் தோன்றியது, அணைக்கவும் தோன்றியது. முதலில் ஒன்று, பிறகு மற்றது என்று இரண்டையும் செய்தாள்.

ஜீப்பில் ஏறும்போது வினீத் பரிதாபமாகத் திரும்பினான்.

"சேச்சி, ஒரு நல்ல வக்கீலச் சொல்லணும். எனக்கு இனி என்ன ஆவும்?"

"பயப்படாண்டாம் வினீத்து" என்றாள் ஜிஜா. "வாடக கெடையாது, சாப்பாடு அவிய தருவாவ, அரை வருஷம் தாண்டி நின்னாலும் டாக்ஸ் வராது. இதவிட நல்ல காண்ட்ராக்ட் ஒனக்கு எந்த நாட்டுலயும் கிட்டாது."