கழுவும்போது இல்லாத தழும்பு

சர்வேயர் வீட்டு முன்னறையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவர் உட்காருவார். மற்றொன்று, மனைவி போன பிறகு, பழைய செய்தித்தாள்களுக்கு ஆகிவிட்டது. டாக்டரம்மா வீட்டு டிரைவர் அந்தத் தாள்கட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"திங்கக்கிழமை வண்டியக் கழுவும்போது அந்தக் கதவுல ஒண்ணும் இல்ல சார். துடைச்சு, வெயில்ல நிறுத்திட்டு, டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தா டாக்டரம்மாவோட மருமகன் நிக்கிறாரு. கதவுல விரல் நீளத்துக்குப் பெயின்ட் வெச்ச தழும்பு. 'எங்கயோ இடிச்சு, மூடி மறைச்சு, கழுவும்போது இல்லன்னு பொய் வேறயா'ன்னாரு. நாளையோட நின்னுக்கணுமாம்."

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல சார். வேலை போனாக்கூடப் பரவாயில்ல. பொய்க்காரன்னு பேரோட போக முடியாது."

சர்வேயர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக வாழ்நாளெல்லாம் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து ஓய்ந்தவர். சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்த அவருடைய மைத்துனனுக்குத் தெருவில் 'அவசரம்' என்று பேர்.

"மருமகன்தான் மாமா. டீ குடிக்கப் போன நேரத்துல பூசிட்டாரு. முடிஞ்சது கேஸ்" என்றான் அவசரம்.

"பெயின்ட் காய வேணாமா? உன் முன்பல்லு உடைஞ்சிருக்கே, நாளைக்கு டாக்டரம்மாகிட்டயே காட்டிடுவோம்" என்றார் சர்வேயர்.

டாக்டரம்மா பல் மருத்துவர். கணவர் இறந்த பிறகு அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருந்தார். முன்பகுதியில் கிளினிக், காத்திருக்கும் நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. அவசரத்தை விளக்கடியில் சாய்த்து, பல் நிறத்துக்கான மாதிரிப் பட்டையை உடைந்த பல்லருகே பிடித்தார்.

"வாயைத் திறந்தே வெச்சிருக்காதீங்க. நாக்கால ஒரு தடவை நனைச்சுக்குங்க. காஞ்ச பல்லு வெளுத்துக் காட்டும். ஈரத்துல பாத்தாதான் நிஜ நிறம்."

அவர் ஒரு பல்லுக்குச் செலவிட்ட நேரத்தில் வேறு யாராக இருந்தாலும் வாய் முழுவதையும் பார்த்து முடித்திருப்பார்கள். சர்வேயரிடமும் பேச்சை விடவில்லை. கார் கணவர் வாங்கியது, அவர் ஓட்டும்போது தான் பக்கத்தில் உட்காருவது வழக்கம், இப்போது பின் இருக்கைதான் என்றார். கிளம்பும்போது, "சாயங்காலம்கூட நான் சும்மாதான் இருப்பேன்" என்றார்.

டிரைவர் இருவரையும் கார் ஷெட்டுக்குக் கூட்டிப்போனார். அவரிடம் சாவியை வாங்கிக்கொள்ள வந்திருந்த மருமகனும் கூடவே வந்தார். கருநீல வண்டி. இருபுறமும் திறந்த ஷெட்டில் வெயில் தின்று, மேல்பூச்சு மங்கிப் பால் படிந்ததுபோல் இருந்தது. கதவில் அந்தத் தழும்பு மட்டும் ஆழ்ந்த நீலமாகப் பளிச்சென்று தெரிந்தது. சர்வேயர் கண்ணை மூடி விரலால் தடவினார். விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை.

மருமகன் சின்னப் பெயின்ட் குப்பி ஒன்றை நீட்டினார். "இவன் டூல் பெட்டில இருந்தது. இதுக்கு மேல என்ன வேணும்?"

குப்பியில் இருந்தது, கதவு விளிம்பில் ஒட்டிய தாளில் அச்சிட்டிருக்கும் நிற எண்ணைச் சொல்லி, சின்னக் கீறல்களுக்காக டிரைவர் வாங்கி வைத்திருந்த, அந்த வண்டிக்கே உரிய நிறம். சர்வேயர் அதில் ஒரு சொட்டைக் கண்ணாடியில் தொட்டு, காய்ந்ததும் தழும்பருகே பிடித்தார். குப்பி நிறத்தில் ஒரு பச்சைச் சாயல். வெயில் தின்ற கதவிலும் தழும்பிலும் அது இல்லை.

"இது வேற, அது வேற. கதவுல இருக்கறது யாரோ நீலமும் கறுப்பும் தானே கலந்து, மெலிசு மெலிசா அடுக்கி, தேய்ச்சு வழவழப்பாக்கினது. நல்ல கை, நல்ல கண்."

"நல்ல கண்ணா? குருடனுக்கே தெரியுது சார் வித்தியாசம்" என்றார் மருமகன்.

"அதைத்தான் நானும் யோசிச்சேன்." சர்வேயர் வாளித் தண்ணீரைக் கதவில் ஊற்றினார்.

தழும்பு மறைந்தது. நனைந்த கதவு முழுவதும் அதே ஆழ்ந்த நீலத்துக்கு மாறியிருந்தது. துணியால் துடைத்தார், ஈரம் உலர உலரத் தழும்பு மெல்ல மேலே வந்தது.

டிரைவர் தழும்பைத் தொட்டுப் பார்த்தார். "அப்ப நான் பொய் சொல்லல."

"இல்ல. கழுவறதுக்கு முன்னாடி தூசி மூடியிருக்கும், கழுவும்போது அது உங்க கண்ணுக்குத் தெரிஞ்சிருக்காது." சர்வேயர் துணியைப் பிழிந்தார். "வண்டிக்குப் பெயின்ட் அடிக்கறவங்க நிறம் பாக்கணும்னா முதல்ல துடைப்பாங்க. இங்க நனைச்சுட்டுப் பாத்திருக்காங்க. நிறம் பாக்கறதுக்கு முன்னாடி எதையும் நனைச்சுக்கற பழக்கம் யாருக்கு வரும்?"

அவசரத்தின் நாக்கு தானாகவே உடைந்த பல்லைத் தொட்டது. அவன் வாயை மூடிக்கொண்டான்.

டாக்டரம்மா ஷெட் வாசலில் நின்றிருந்தார்.

"கேட் தூண்ல உரசிடுச்சு" என்றார். "ஞாயித்துக்கிழமை இவருக்கு லீவு. பல்லு வலின்னுகூட ஒருத்தரும் வர்றதில்ல. வண்டிய எடுத்து கேட் வரைக்கும் போவேன், பின்னால வருவேன். நானே கத்துக்கிட்டேன்."

"அத்தை, இந்த வயசுல உங்களுக்கு இது தேவையா?"

"இதைத்தான் சொல்வீங்கன்னு தெரியும் மாப்பிள்ளை. வண்டிய வித்துடுவீங்க, கிளினிக்கை மூடிடுவீங்க, என்னைக் கொண்டுபோய் உங்க வீட்டு மாடி அறைல வெப்பீங்க." அவர் டிரைவர் பக்கம் திரும்பினார். "தப்புதான். உன்ன நிக்க வெச்சுப் பேசினப்ப நான் வாயத் திறக்கல. நாளைக்கு வழக்கம்போல வந்துடு."

டிரைவர் சாவியை வண்டியின் பானெட் மேல் வைத்தார்.

"பின்னாடி உக்காந்து ஓயாமப் பேசுவீங்க. நானும் கேட்டுட்டே ஓட்டுவேன். அன்னிக்கு ஒரே ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்மா." பையை எடுத்துக்கொண்டார். "நான் வரல."

யாரும் தடுக்கவில்லை. அவர் பாதி வழி நடந்திருப்பார். டாக்டரம்மா சாவியை எடுத்து ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். மருமகன் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் கதவு கனத்த ஓசையோடு சாத்திக்கொண்டது. வண்டி குலுங்கிக் கிளம்பி, தூணை நோக்கிக் கோணலாகப் போனது.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். பையைக் கீழே வைத்தார். கேட்டை விரியத் திறந்து, தூண் ஓரமாக நின்று கையைக் காட்டினார்.

"வாங்க... வாங்க. கொஞ்சம் வலது. இன்னும். இப்ப நேரா."

வண்டி உரசாமல் தெருவுக்கு இறங்கி இடதுபுறம் திரும்பியது. டிரைவர் கேட்டைச் சாத்தினார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வலதுபுறம் நடந்தார்.