நாற்பத்து மூன்றாவது காரணம்

அன்று காலை, கையில் கட்டியிருந்த ஊக்கங்காட்டி சிந்தாமணிக்குப் பதினேழாவது காரணத்தைக் காட்டியது: அவள் இல்லாமல் நடக்கும் அவள் மகளின் கல்யாணம். நாடி எகிறியது. ‘ஊக்கம் உறுதி’ என்று கைப்பட்டை பச்சையாக ஒளிர்ந்தது.

சிந்தாமணி மூக்கைச் சிந்திவிட்டு, பனியன் கம்பெனியின் ஓவர்லாக் தையல் மெஷினை மிதித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

புற்றுநோய்வரை கொண்டுபோகக்கூடிய எச்.பி.வி. கிருமி இருப்பதாகப் பரிசோதனை முடிவு வந்தும், டாக்டரிடம் கருப்பைவாயைக் காட்டப் போகாத பெண்களுக்கெல்லாம் திருப்பூரில் அந்தப் பட்டைதான். பயம், பிள்ளை, புருஷன், குலதெய்வம் என்று நாற்பத்திரண்டு காரணங்கள் அதற்குள். எதற்கு நாடி துள்ளுகிறதோ அதையே திரும்பத் திரும்பக் காட்டும். “மனித மனத்தின் கடைசிப் பூட்டைத் திறந்துவிட்டோம்!” என்று அதைக் கண்டுபிடித்த முனைவர் அபரஞ்சிதா கம்பெனிக்கே வந்து ஒன்றரை மணி நேரம் முழங்கியிருந்தார். பூட்டு திறந்ததோ இல்லையோ, மதியச் சோறு ஆறிப்போனது.

ஐந்து மாதமாகச் சிந்தாமணிக்கு நாடிதான் துள்ளியது, கால் நகரவில்லை. பயம் கூடக்கூட, ‘அடுத்த வாரம் பாத்துக்கலாம்’ என்றுதான் தோன்றியது.

டீ நேரத்தில் பக்கத்து மெஷின் ஜெரினா முணுமுணுத்தாள். “அக்கா, எனக்கும் அதே கிருமிதானாம். தனியாப் போகக் கூச்சமா இருக்குது. தொணைக்கு வர்றீங்களா?”

“பயந்தாங்கொள்ளி! இதுக்கா இத்தன நாளு உக்காந்திருந்தே? கெளம்பு!”

அரை நாள் லீவு ஐந்தே நிமிடத்தில் கிடைத்தது.

வந்ததே வந்தீர்கள் என்று டாக்டர் இருவரையும் பார்த்தார். ஜெரினாவுக்கு ஒன்றுமில்லை. சிந்தாமணிக்கு ஒரு வெள்ளைத் திட்டு. “புற்றுநோய் இல்லீங்க. விட்டிருந்தா பின்னால ஆயிருக்கலாம்.” சில நிமிடங்களில் சூடு வைத்து நீக்கிவிட்டு, அடுத்த வருடம் வரச் சொன்னார். வெளியே வந்து இருவரும் பேருந்து நிறுத்தத்தில் காரணமில்லாமல் சிரித்தார்கள்.

மறுநாள் செய்தி கேட்டு அபரஞ்சிதாவே பரிவாரத்துடன் கம்பெனிக்கு வந்துவிட்டார். “பதினேழாவது காரணம்தானே உங்களை நகர்த்தியது?”

“இல்லீங்க. இவளுக்குத் தொணைக்குப் போனேன்.”

“அப்படி ஒரு காரணம் பட்டியலில் இல்லையே!”

“அதுக்கு நான் என்ன பண்றதுங்க?”

முனைவர் பரிவாரத்தை வெளியே அனுப்பினார். குரல் இறங்கியது. “எனக்கும் அதே கிருமின்னு முடிவு வந்து ஒரு வருஷமாச்சும்மா.”

“ஏனுங்க, நாப்பத்திரண்டும் உங்க கையிலதானே இருக்குது?”

“எல்லாத்தையும் போட்டுப் பார்த்துட்டேன்... நாளைக்கு நீங்க கொஞ்சம் என்கூட...”

சிந்தாமணி மெஷினை அணைத்துச் செருப்பைத் தேடினாள்.

“நாளைக்கென்னங்க, இப்பவே போலாம். வழியில அந்த ஒன்றரை மணி நேரப் பேச்சு மட்டும் வேண்டாமுங்க.”