திறக்கும் முன் வந்த வரி

மதியம் மூன்று மணிக்கு வார்டுக்குள் நுழைந்தேன். பினாயில் வாடை. அதற்கடியில் பழைய சுவரின் ஈர வாடை. எட்டுப் படுக்கைகள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் மூச்சைக் கவனிக்கும் ஓர் ஊமை எந்திரம். மூச்சு நின்றால் நர்ஸ் மேசைக் கணினிக்கு ஒரே ஒரு வரி அனுப்பும். மேசையில்தான் மணி அடிக்கும்.

அந்தப் பழைய எந்திரங்களுக்குத் தெரிந்தது சீரியல் போர்ட் என்ற பழைய கம்பி வாசல் மட்டும். புதுக் கணினியில் அது கிடையாது. இருப்பதுபோல் நடிக்கும் டிரைவர் என்ற நிரலை எழுதிக் கொடுத்தவன் நான்.

மேசை நிரல் போர்ட்டைத் திறக்கும் முன் எது வந்தாலும் குப்பை என்று கொட்டிவிடும்படி எழுதியிருந்தேன். இந்தத் தொழிலில் பலரும் செய்வதுதான். போன மாதம் கணினியை அணைத்து மறுபடி போட்ட பதினோரு நொடிக்குள் ஆறாம் படுக்கை அம்மாளின் வரி வந்தது. டிரைவர் கொட்டிவிட்டது. மேசையில் மணி அடிக்கவில்லை; அம்மாள் போய்விட்டாள். நேரம் 3:41.

பதிவைப் பார்த்த எனக்கு மட்டும் அது தெரியும். வாயைத் திறக்கவில்லை.

இப்போது ஆறாம் படுக்கையில் என் அண்ணன்.

"டிரைவர் வேலைன்னு சொன்னே, ஒரு சைக்கிளைக்கூடக் காணோமேடா," என்றான். சிரித்ததில் இருமல் வந்தது.

"பேசாம படுண்ணா."

மேசைக் கணினியில் டிரைவரைத் திருத்தினேன். முன்னால் வருவதைக் கொட்டாதே. யாராவது திறக்கும் வரை வைத்திரு. நிரலை மறுபடி ஓட விட்டேன்.

மணி அடித்தது.

படுக்கை 6. மூச்சு இல்லை. 3:41.

சுவர்க் கடிகாரத்தில் 3:20.

நர்ஸ் ஓடினாள். அண்ணன் அவளைப் பார்த்துக் கண் சிமிட்டினான்.

"மிஷின் கோளாறு சார்," என்றாள்.

"வேற படுக்கைக்கு மாத்துங்க சிஸ்டர்."

"எதுக்கு?"

"கேக்காதீங்க. மாத்துங்க."

இரண்டாம் படுக்கைக்குத் தள்ளினோம். ஆறாம் எந்திரத்தின் கம்பியை நானே பிடுங்கினேன். போர்ட்டை மறுபடி திறந்தேன்.

படுக்கை 2. மூச்சு இல்லை. 3:41.

நர்ஸின் முகம் வெளுத்தது. "போன மாசம் அந்த அம்மாவுக்கும் இதே நேரம்தான்," என்று கிசுகிசுத்தாள். டாக்டரைக் கூப்பிட்டாள். அவர் வந்து மார்பில் குழல் வைத்துக் கேட்டார். "நல்லா இருக்காரே," என்று போய்விட்டார்.

நான் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னடா, கை இப்படி ஜில்லுனு இருக்கு?"

"ஏசிண்ணா."

"இங்க ஏது ஏசி?"

3:40.

ஆறாம் படுக்கை காலியாக இருந்தது. அதன் கம்பிக் கட்டில் கிறீச்சிட்டது. யாரோ புரண்டு படுப்பதுபோல்.

அண்ணனின் விரல்கள் தளர்ந்தன.

மணி அடிக்கவில்லை. எந்திரம் தன் வரியை முன்பே அனுப்பிவிட்டதே.

டாக்டர் மறுபடி ஓடி வந்தார். அரை மணி நேரம் மார்பை அழுத்தினார்கள். பயனில்லை.

எல்லாம் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. வார்டில் என் டிரைவரை அழித்துவிட்டேன். வீட்டு மேசை மேல் என் லேப்டாப் இருக்கிறது, டிரைவரின் ஒரு பிரதியோடு. அதில் கம்பி இல்லை, நெட்வொர்க் இல்லை. காலையில் அந்த டிரைவர் எத்தனை வரி வைத்திருக்கிறது என்று பார்த்தேன்.

காத்திருக்கும் வரி: 1.

நான் திறக்கவில்லை. திறக்கும் வரை அது அங்கேயே இருக்கும். அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.