தொட்டிக்குள் நடப்பவள்

பல்கேரியாவின் ப்ளோவ்திவ் நகரத்திலிருந்து வந்த பேருந்தை விட்டு நெவேனா இறங்கியபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. ஊருக்கு மேலே, மலைச்சரிவில் பைன் மரங்களுக்கு நடுவே இருந்தது அந்தக் குடிநீர் நிலையம். சில வாரங்களாகவே கீழே ஊரில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. தண்ணீரில் குளோரின் சரியாகத்தான் கலந்தார்கள். ஆனாலும் கிருமி சாகவில்லை. ஏன் என்று கண்டுபிடிக்கத்தான் அவளை அனுப்பியிருந்தார்கள்.

கேட்டைத் திறந்துவிட்டவள் த்ஸோன்கா. பம்புகளையும் வால்வுகளையும் பார்த்துக்கொள்ளும் வேலை. ஐம்பதைத் தாண்டியவள், ஒண்டிக்கட்டை. வந்தவளை உட்காரவைத்து, சீஸ் வைத்துச் சுட்ட பனித்சாவும் ஒரு கிண்ணம் தயிரும் கொடுத்த பிறகுதான் தொட்டியைக் காட்டவே அழைத்துப் போனாள்.

தரைக்கு அடியில் இருந்தது தொட்டி. மேலே சிமெண்ட் தளம், ஓரத்தில் இரும்பு மூடி. உள்ளே வரிசையாகத் தடுப்புச் சுவர்கள். குளோரின் கலந்த தண்ணீர் அவற்றைச் சுற்றி வளைந்து வளைந்து போகவேண்டும். அப்படிப் போகிற நேரத்தில்தான் கிருமிகள் சாகும். நெவேனா தண்ணீர் நுழையும் இடத்தில் உப்புக் கரைசலை ஊற்றிவிட்டு வெளியேறும் இடத்தில் கருவியோடு காத்திருந்தாள். ஒரு மணி நேரம் சுற்றிக்கொண்டு வரவேண்டிய உப்பு பத்தே நிமிஷத்தில் வந்து சேர்ந்தது. எங்கோ சுவர் விட்டுப்போய்த் தண்ணீர் குறுக்கே பாய்கிறது.

எந்த இடத்தில் என்று அறிய மூடியைத் திறந்து, குப்புறப் படுத்துக் காதைக் கொடுத்தாள். குளோரின் நெடியும் ஈரச் சிமெண்ட் வாசமும் முகத்தில் மோதின. அவற்றுக்கு அடியில் மெலிதாக ரோஜா சோப்பு வாசம்.

பிறகு சத்தம் கேட்டது.

பாய்ச்சல் இல்லை. நடை.

முழங்கால் தண்ணீரில் ஒருவர் அவசரமில்லாமல் நடக்கும் சத்தம். ஆனால் அங்கே இரண்டு ஆள் ஆழம்.

உள்ளே யாராவது இறங்கியிருக்கிறார்களா என்று கேட்டாள். த்ஸோன்கா துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இல்லை என்றாள். "அது எப்பவும் அப்படித்தாம்மா. பழகிடும்."

ஊருக்கு லாரித் தண்ணீர் ஏற்பாடு செய்துவிட்டுத் தொட்டியைக் காலி செய்தார்கள். யோன்கோ மேஸ்திரி ஆட்களோடு வந்து இறங்கினார். வெடித்திருந்தது நடுச்சுவர். அதை இடித்தபோது சிமெண்டுக்குள்ளிருந்து ஒரு கம்பளிக் கயிறு வந்தது. இரண்டு நுனியிலும் முடிச்சு. சுவர் கட்டிய இத்தனை வருஷத்தில் மக்கிப் போயிருக்கவேண்டும். ஆனால் அப்போதுதான் அலசிப் போட்டதுபோல மெத்தென்று இருந்தது. சோப்பு வாசம் அதிலிருந்துதான் வந்தது.

த்ஸோன்கா அதைக் கையில் வாங்கி முகர்ந்தாள். அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

மேஸ்திரிதான் தயங்கித் தயங்கிச் சொன்னார். நிற்க மறுக்கும் சுவருக்கு அந்தக் காலத்துக் கொத்தனார்கள் ஒன்று செய்வார்களாம். அந்தப் பக்கமாக வருகிற யாருடைய நிழலையாவது கயிற்றால் அளந்து, கயிற்றைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிடுவார்கள். நாற்பது நாளுக்குள் அந்த ஆள் போய்விடுவார். போனவர் தலாசம் என்கிற காவல் ஆவியாகி அந்தச் சுவரைத் தாங்கிக்கொண்டு அங்கேயே இருப்பார்.

த்ஸோன்காவின் அக்கா கின்கா இந்த நிலையம் கட்டும்போது இங்கே சோதனைக்கூடத்தில் இருந்தவள். எப்போதும் ரோஜா சோப்பு வாசம் வீசுவாளாம். காய்ச்சல் இல்லை, நோவு இல்லை, ஒரு மாதத்தில் இளைத்துச் செத்தாள். அவளுக்காகத்தான் த்ஸோன்கா இந்த வேலைக்கே வந்தாளாம். இத்தனை வருஷமும் அந்த நடையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

நெவேனாவுக்கு இதில் நம்பிக்கையில்லை. ஆனாலும் மனம் கேட்காமல், கயிற்றை எடுத்துப் போகச் சொன்னாள். த்ஸோன்கா அன்றைக்கே அக்காவின் கல்லறையில் அதைப் புதைத்து மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள்.

புதுச்சுவர் எழுந்தது. தண்ணீர் விட்டார்கள். தொட்டிக்குள் நடை கேட்கவில்லை. மறுநாள் சுவர் அதே இடத்தில் பிளந்தது.

நெவேனா கம்பியைக் கூட்டினாள். கலவையைத் தன் கையாலேயே சோதித்தாள். காய அவகாசம் கொடுத்தாள்.

மறுபடியும் பிளந்தது.

லாரித் தண்ணீர் போதவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு கைக்குழந்தை இறந்துபோனது. நகராட்சித் தலைவர் நாளுக்கு நாலு தரம் போன் செய்தார். மேஸ்திரியின் ஆட்கள் தளத்தின் மேல் வெயிலில் நிற்பதை விட்டுவிட்டார்கள். ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டாமல் சுவரோரமாக நடந்தார்கள். நிழல் அளக்கிற பேச்சையே எடுக்கக்கூடாது, எடுத்தால் போலீஸுக்குப் போவேன் என்று நெவேனா மேஸ்திரியிடம் கண்டித்துச் சொன்னாள். அவர் தலையாட்டினார்.

மறுநாள் காலை. தளத்தின் மேல் நின்று வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகில் வெயில். அவள் நிழல் சிமெண்டில் நீண்டு கிடந்தது.

நிழலின் தலைமாட்டில் யாரோ குந்தியிருந்தார்கள்.

யோன்கோ மேஸ்திரி. கட்டைவிரலால் கயிற்றின் நுனியைத் தரையோடு அழுத்திப் பிடித்திருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. மறுநுனி இன்னும் அவள் காலுக்கு வந்து சேரவில்லை.

நகரவேண்டும் என்று நினைத்தாள். கால் வரவில்லை.

பம்பு அறையிலிருந்து த்ஸோன்கா வந்தாள். ஓடி வரவில்லை, வழக்கமான நடைதான். நேராக வந்து கயிற்றை மிதித்து நின்றாள்.

"இவளை விடுப்பா. சின்னப் புள்ளைக்காரி."

மேஸ்திரி கயிற்றை விடவில்லை.

"எனக்குப் பின்னால அழ யாரும் இல்லை. நானே நிக்கிறேன். அளந்துக்கோ."

அவள் வெயிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். நெவேனா அந்தக் கயிற்றைப் பிடுங்கியிருக்கலாம். கத்தியிருக்கலாம். இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று சிரித்திருந்தால்கூடப் போதும். வீட்டில் அவளுக்கு ஐந்து வயதில் மகள் இருந்தாள்.

நெவேனா நகர்ந்து பைன் மர நிழலுக்குப் போனாள்.

சுவர் நின்றது. உப்பு உரிய நேரத்தில் வந்தது. கிருமி இல்லை. ஊர் குழாயைத் திறந்து குடித்தது. நெவேனாவுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அதைப் பிரித்துப் படிக்காமலே எங்கோ வைத்தாள்.

நாற்பது நாள் முடியுமுன்பே, ஊரெல்லாம் குளிர்காலத்துக்காக மிளகாய் சுடுகிற பருவத்தில் த்ஸோன்கா இறந்தாள். இதயம் என்றார் டாக்டர். தகவல் நெவேனாவுக்குத் தாமதமாகத்தான் வந்தது. நாற்பதாம் நாள் காரியத்துக்குப் போனாள். தேவாலய வாசலில் அவித்த கோதுமையைக் காகிதக் கோப்பையில் கொடுத்தார்கள். அவள் அதைத் தொடவில்லை. கோப்பையோடு மலையேறி நிலையத்துக்கு வந்தாள்.

தளத்தில் யாரும் இல்லை. நல்ல வெயில். இரும்பு மூடி கனம். இரண்டு கையாலும் இழுத்துத் திறந்தாள்.

தண்ணீரில் நடை கேட்டது.

வந்தது. வந்து ஏணிக்கு நேர் கீழே நின்றது.

"த்ஸோன்கா அக்கா" என்றாள் நெவேனா. மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தாள். கோதுமைக் கோப்பையை விளிம்பில் வைத்துவிட்டு வெகுநேரம் முழங்காலிட்டிருந்தாள். கீழே இருந்ததும் நகரவில்லை.

கடைசியில் எழுந்து மூடியைத் தள்ளினாள். பாதி நகர்ந்ததும் கனம் சட்டென்று குறைந்தது. அவள் கையை எடுத்துவிட்டாள்.

மூடி தானாக, மெதுவாக, உள்ளேயிருந்து சாத்திக்கொண்டது.

உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. ஆனாலும் தாழ் போடும் சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.