பத்தடிக் குழிகள் நாற்பத்தொன்று

விசாரணை அறையில் நான்கு பேர்.

மின்விசிறிக்கு நேர் கீழே, விசாரணை அதிகாரி சுகாசினி. அவளுக்கு வலப்பக்கம் கோப்புகளோடு, சுகாதாரப் புள்ளிவிவரம் பார்க்கும் இளங்கோவன். கதவோரம் ஸ்டூலில், இடுகாட்டில் குழி வெட்டும் வீரபத்திரன். ஜன்னலை ஒட்டி, புகார் கொடுத்த தனசேகரன். ஓய்வுபெற்ற இறப்புப் பதிவு எழுத்தர்.

அவர் பக்கத்து நாற்காலி காலி.

காஞ்சிபுரத்தை ஒட்டிய அந்த ஊரில், 2021 மே மாதம் கொரோனாவில் இறந்தவர்கள் ஒன்பது பேர் என்றது அரசுப் பட்டியல்.

நாற்பத்தொன்று என்றது தனசேகரனின் புகார்.

மற்றதெல்லாம் மாரடைப்பு, முதுமை என்று சாதித்தான் இளங்கோவன். சான்றிதழ் இருக்கிறது, செத்தவர்களைத் தோண்டியா கேட்பது என்று சிரித்தான்.

சுகாசினி கதவுப் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க."

"சாதா சாவுக்கு ஆறடிம்மா. நானே கையால வெட்டுவேன். கொரோனான்னா பத்தடி. ஜேசிபிதான் வரணும். அந்த மாசம் அது தோண்டினது நாப்பத்தொண்ணு."

"உனக்கு எப்படிய்யா ஞாபகம்?" என்று குறுக்கிட்டான் இளங்கோவன்.

"குழிக்கு ஒரு சீட்டுன்னு டிரைவர் என்கிட்ட கையெழுத்து வாங்கிக்கினு போவாரு. நகல் என்கிட்ட இருக்குது. மாரடைப்புக்கு எதுக்கு சார் பத்தடி?"

இளங்கோவன் நெற்றியைத் துடைத்தான்.

சுகாசினி நாற்பத்தொன்று என்று எழுதி, காகிதத்தைத் தனசேகரனிடம் தள்ளினாள். 'இந்தக் கணக்கில் யாரும் விடுபடவில்லை.' அதற்குக் கீழே அவர் கையெழுத்துப் போட வேண்டும்.

பேனா காகிதத்தைத் தொட்டது.

நின்றது...

"நாளைக்கு எழுதி அனுப்பறேம்மா."

வெளியே வீரபத்திரன் அவரை மடக்கினார்.

"போட்டுட்டு வர்றதுதானே சார்? மேரியம்மாவுக்கு நான் கையால ஆறடி வெட்டினது யாருக்குத் தெரியும்? இப்போ வாயைத் தொறந்தா பென்ஷன் போயிடும். ஜெயிலும் உண்டு. நான் சொல்ல மாட்டேன்பா."

தனசேகரன் தலையாட்டிவிட்டு நடந்தார்.

வீட்டில் ஒரு தட்டு. ஒரு டம்ளர். மேஜையில் உட்கார்ந்து, வழக்கம்போல எண் போட்டு எழுதினார்.

'1. குழிக் கணக்கிலும் ஒன்று குறைகிறது.

2. அதே மாதம் என் மனைவி மேரி கொரோனாவால் வீட்டிலேயே இறந்தாள்.

3. தெரிந்தால் மூட்டையாகக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். முகம்கூடப் பார்க்க முடியாது. அதனால் பதிவேட்டில் மாரடைப்பு என்று எழுதினேன்.

4. எழுதியது என் கை. யாரும் சொல்லி எழுதவில்லை.

5. மொத்தம் நாற்பத்திரண்டு.'

உறையைப் பசை தடவி ஒட்டினார். இரண்டு முறை அழுத்தினார்.

தபால் நிலையத்தில், கவுன்டரில் இருந்த திரிஷா உறையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அனுப்புநர் விலாசத்துல, டேங்குக்கு எதிர்ல பச்சை கேட்டுன்னுகூட எழுதியிருக்கீங்களே சார்?"

"போலீசுக்கு வழி தெரியணும்மா. ரெண்டு வருஷமா அந்த வீட்டுக்கு யாருமே வரலை."

டப்!

முத்திரை விழுந்தது.